உப்பில்லாமல் சாப்பிட்ட மாத்திரை

1

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் பேனாவைத் தொட்டது ரேஷன் கடையிலும் மகளுடைய மார்க்குச் சீட்டிலும் கையெழுத்துப் போடத்தான். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. முதலில் சொல்ல வேண்டியது கடைசியில் வரும், சில பெயர்கள் வரவே வராது.

பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா மலருக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கத்து வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று தலைமையாசிரியை அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். மற்றவர்கள் கம்ப்யூட்டர் வேலை, பெரிய கட்டடம், பனி என்று நன்றாக எழுதுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு மாத்திரையின் கதை. எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் நோட்டை மூடி மூடித் திறந்தேன்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் தலை வாரி, நல்ல சேலை கட்டி, பத்து மணிக்கு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அடிக்காது என்று தெரியும். போன மாதத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. இருந்தாலும் பத்தரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்துபோய் நோட்டை எடுத்தேன்.

2

நான் இருக்கிற ஊர் கனடாவில் வின்னிபெக். மகள் சுமதி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மருமகன் பெரிய லாரி ஓட்டுகிறார், போனால் பத்து நாள் கழித்து வருவார். பேரன் படிப்பை முடித்துக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டி, "ஹாய் ஆயா, சாப்ட்டியா? ஓகே ஆயா, பை" என்பான். அவனிடம் இருக்கிற தமிழ் அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் முகம் போயிருக்கும்.

சுமதியின் அப்பா போனதற்கு அப்புறம், அரூர்ப் பக்கம் நான் தனியாக இருக்க வேண்டாம் என்று அவள் மனுப் போட்டு அழைத்துக்கொண்டாள். வந்து ஆறு வருஷம் ஆகிறது.

எனக்குப் பெயர் மாதம்மாள். அவ்வளவுதான் பெயர். பாஸ்போர்ட்டில் இரண்டு பெயர் வேண்டும் என்று பின்னால் அவர் பெயரைச் சேர்த்தார்கள். இங்கே எந்த ஆபீசுக்குப் போனாலும் பின்னால் இருக்கிற பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் நர்சு கதவைத் திறந்து, "பெருமாள்!" என்பார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னவள் இல்லை. ரேஷன் கார்டுக்குக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். இப்போது அந்தப் பெயருக்கு நான் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் கதவுப் பக்கம் பார்ப்பேன். அப்புறம்தான் எழுந்திருப்பேன்.

சுமதி காலை ஆறரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்துக்கு வருவாள். வூட்டில் ஹீட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கும். சன்னலுக்கு வெளியே பனியைத் தள்ளுகிற வண்டி போகும். நம் ஊரில் எதிரில் போகிறவர்கள் "எங்க போறீங்க?" என்று கேட்காமல் போக மாட்டார்கள். கேட்கிறார்களே என்று அப்போது எரிச்சலாக இருக்கும்.

3

எனக்கு வந்ததற்குப் பெயர் தெரியாமல் ஒரு வருஷம் இருந்தேன். அழுகையும் வராது, காய்ச்சலும் இல்லை. எதற்கும் கை போகாது. தலை வாரணும் என்று சீப்பை எடுத்தால், சீப்பு மடியிலேயே இருக்கும். சாயங்காலம் ஆகிவிடும்.

"ஏம்மா, காலையில வெச்ச டீ அப்படியே இருக்குது?"

"குடிக்கலாம்னுதான் இருந்தேன்."

"பத்து மணி நேரமாவா?"

முதலில் சுமதி திட்டினாள். "ஒரு வாக்கிங் போனா என்னம்மா? டிவியாவது பாக்கக்கூடாதா?" என்பாள். ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேனாம். விளக்கைக்கூடப் போடவில்லையாம். எனக்கு அது நினைவில் இல்லை. அன்றைக்கு அவள் திட்டவில்லை. குழாயை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் மனச்சோர்வு என்றார். ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார், மூன்று மாதம். கேட்கவில்லை. இன்னொன்று கொடுத்தார். தூக்கம் கொஞ்சம் வந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அப்போதுதான் இந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில், வயசானவர்களுக்கு வருகிற மனச்சோர்வுக்கு வைரஸ் மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களாம்.

வூட்டுக்கு வந்து சுமதி எனக்கு விளங்கச் சொன்னாள்.

"அம்மா, சின்ன வயசுல உடம்புல பூந்த சில கிருமி, நோவு ஆறினாலும் வெளிய போகாதாம். நரம்புக்குள்ள படுத்துக்குமாம். இந்த மாதிரி மனசு விட்டுப் போறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்குமோன்னு சில டாக்டருங்க நினைக்கறாங்க. நிஜமா, இல்லையான்னு இன்னும் தெரியாது."

"அதுக்கு?"

"வைரசை அடக்கற மாத்திரை பாதிப் பேருக்குத் தருவாங்க. மீதிப் பாதிக்கு அதே மாதிரி பாக்க இருக்கற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு குடுக்கறவங்களுக்கே தெரியாது."

"தெரியாமயா குடுப்பாங்க?"

"தெரிஞ்சா மூஞ்சியில காட்டிடுவாங்களாம். அதான்."

எனக்கு அது சரி என்று பட்டது. ஆள் முகத்தைப் பார்த்து நோவு கூடும், குறையும். சுமதிக்குத்தான் இஷ்டமில்லை. "எலிக்குக் குடுத்துப் பாக்கற மாதிரி எங்கம்மாவுக்குக் குடுக்கணுமா?" என்று மருமகனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. யாரோ என்னைக் கேட்டார்கள், அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

4

சோதனைக்கு என்று ஒரு நர்சு இருந்தார். பெயர் க்ளேர். சிவந்த கன்னம், பெரிய உருவம், மெதுவான குரல். மேஜை மேல் போனை வைத்து, ஒரு பித்தானை அமுக்கினார். உள்ளேயிருந்து தமிழ் வந்தது.

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். என்ர இலக்கம் நானூற்றெழுபத்திரண்டு. நீங்கள் கதைக்கிறது எல்லாத்தையும் நான் அப்படியே அவவுக்குச் சொல்லுவன். அவ சொல்லுறதை உங்களுக்குச் சொல்லுவன். நான் சொல்லுறது விளங்குதோ?"

இலங்கைத் தமிழ். "விளங்குதுங்க. உங்க பேரு என்னங்க?" என்றேன்.

பெயர் சொல்லக் கூடாதாம், இலக்கம் மட்டும்தானாம். தானாக ஒரு வார்த்தையும் பேசக் கூடாதாம். ஒரு தடவை அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது. "சளியாம்மா? சுக்குத் தட்டிக் குடிங்க" என்றேன். அதையும் இங்கிலீஷில் க்ளேருக்குச் சொன்னது. க்ளேர் சிரித்து, "எனக்கும் சளிதான்" என்றார். அதை மறுபடி தமிழில் எனக்குச் சொன்னது. ஒரு இருமல் இரண்டு பாஷையில் சுற்றி வந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னே எட்டுப் பக்கத்தையும் படித்தார்கள். அதில் ஒன்று மட்டும் மனசில் நின்றது. "நீங்கள் விரும்பினால் எந்த நேரமும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை." கல்யாணத்திலிருந்து கனடா வரைக்கும் இப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அப்புறம் பழைய நோவுகளைக் கேட்டார்கள். உடம்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் வரிசையாக வந்து, நெருப்பாக எரிந்தது உண்டா?

"அக்கிங்க. வந்துதுங்க. சுமதி கைக்குழந்தையா இருந்தப்போ."

என்ன வைத்தியம் செய்தீர்கள்?

"சிங்கம் எழுதினாங்க."

போனில் அந்தப் பெண், "அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ. நான் பிழையாச் சொல்லக் கூடாது" என்றது.

"குசவர் வந்து காவியைக் கரைச்சு முதுகுல சிங்கம் எழுதுவாருங்க. அக்கி அடங்கும்."

சுமதி நாற்காலியில் நெளிந்தாள். "அம்மா, அதெல்லாம் எதுக்கு இங்க?" என்று பல்லைக் கடித்தாள். க்ளேர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அவருடைய காகிதத்தில் எழுதினார். பதில் எழுத இருந்த இடம் போதாமல் ஓரத்தில் மடக்கி மடக்கி எழுதினார்.

5

தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். அக்கி வந்தால் முதுகிலிருந்து விலா வழியாக மார்புக்குக் கீழே வரைக்கும் கொப்புளம் பட்டை கட்டும். ரவிக்கை பட்டால் உயிர் போகும். ஒட்டிக்கொள்ளும் என்று குழந்தையை என்னிடம் கொடுக்கவில்லை. புளி வைத்திருக்கிற அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

பானை செய்கிற சின்னப்பன் அண்ணன்தான் வந்து எழுதினார். அவர் சம்சாரம் மறைப்பாகச் சேலையைப் பிடித்துக்கொள்ளும். கோழி இறகைக் காவியில் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, நடுவில் சிங்கம் எழுதுவார். காலையும் சாயங்காலமும் மூன்று நாள். குளிர்ச்சியாக இருக்கும். எழுதும் முன்னே கேட்பார்:

"ஏம்மா, நேத்துக்கு இன்னைக்கு எப்படி இருக்குது?"

"தேவலைங்கண்ணா."

"எனக்காகத் தேவலைன்னு சொல்லாத. எரிஞ்சா எரியுதுன்னு சொல்லு. எங்க எரியுதோ அங்கதான நான் கோட்டைக் கொண்டுபோகணும்."

அந்த மூன்று நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கேட்டவர்கள் அந்த இரண்டு பேர்தான். அக்கி ஆறிவிட்டது. சிங்கத்தால் ஆறியதா, ஆறுகிற நாள் வந்து ஆறியதா, அதை நான் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

6

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அந்த மாதிரிக் கிருமி என் உடம்பில் இருக்கிறது என்றார்கள். இந்த வயசில் நிறையப் பேருக்கு இருக்குமாம். பழைய மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடப் பெரிய வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதத்துக்கு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார்கள். வாரத்துக்கு ஒரு தடவை, செவ்வாய் காலை பத்து மணிக்கு, க்ளேரிடமிருந்து போன் வரும், நடுவில் அதே நானூற்றெழுபத்திரண்டு.

கேள்வி ஒன்பது. எல்லா வாரமும் அதே ஒன்பது. எந்தக் காரியத்திலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா? மனசு பாரமாக இருந்ததா? தூக்கம் எப்படி? சாப்பாடு எப்படி? கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா? பதிலும் நாலுதான். ஒரு நாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், அனேகமாகத் தினமும்.

முதல் வாரம் ஒன்பதுக்கும் "நல்லா இருக்கறேனுங்க" என்றேன். விசாரிக்கிறவர்களுக்கு வேறென்ன சொல்வது? க்ளேர் அந்தப் பெண் வழியாகச் சொன்னார்: "மாதம்மாள், நான் நலம் விசாரிக்கவில்லை. அளந்து பார்க்கிறேன். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். உள்ளது வேண்டும்."

க்ளேர் என்னை மாதம்மாள் என்றுதான் கூப்பிட்டார். முதல் நாளே எது என் பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறு வாரத்திலிருந்து உள்ளதைச் சொன்னேன். நாட்டம் உண்டா என்றால், சீப்பு மடியிலேயே இருந்ததைச் சொல்வேன். தூக்கம் எப்படி என்றால், செத்துப்போன சுமதி அப்பாவுடைய செருப்புச் சத்தம் கேட்டு விழித்ததைச் சொல்வேன். கடைசிக் கேள்விக்கு, சில நாள் என்றேன். வாய் விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. போனில் அந்தப் பெண்ணின் குரல் தணிந்து, ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷுக்குப் போயிற்று. க்ளேர் அன்றைக்கு வெகுநேரம் பேசினார். டாக்டரும் பேசினார்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, செவ்வாய்க்கிழமை காலையில் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் தலை தெரியாது. இருந்தாலும் வாரினேன்.

7

இனித்தான் நான் செய்த தப்பு வருகிறது.

இந்த மாத்திரை என்ன மாத்திரை என்று சுமதியை ஒரு நாள் கேட்டேன். "அக்கிக்கு இங்க டாக்டருங்க குடுக்கறாங்களே, அந்த வகைதாம்மா" என்றாள். அக்கிக்கு மருந்து என்றால் அக்கிக்குப் பத்தியம் உண்டே! உப்பு, புளி, கத்திரிக்காய், கருவாடு, எண்ணெய் எதுவும் கூடாது. க்ளேர் அதைச் சொல்லவில்லை. பாவம், இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும், என்று நினைத்துக்கொண்டேன். மருந்து வேலை செய்ய வேண்டுமானால் நான்தான் பத்தியம் இருக்க வேண்டும்.

சுமதி வேலைக்குப் போனதும் எனக்கு மட்டும் உப்பில்லாமல் கஞ்சி வைத்துக்கொள்வேன். சாயங்காலம் அவள் சாப்பிடும்போது, "நான் அப்பவே சாப்ட்டேன்" என்பேன். தண்ணீர் மட்டும் சொன்னதற்கு மேலேயே குடித்தேன், குடம் குடமாக. ஐந்து வாரம் இப்படி இருந்தேன். உப்பில்லாத கஞ்சி தொண்டையில் இறங்காது. ஆனால் வெகுநாள் கழித்து ஒரு காரியம் செய்கிறேன் என்று இருந்தது.

தலை சுற்றல் முதலில் லேசாக வந்தது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சமையலறையில் விழுந்துவிட்டேன். சுமதி வந்து பார்த்தபோது, அவளை யார் என்று கேட்டேனாம். ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் உப்பு ரொம்ப இறங்கிவிட்டது என்றார்கள்.

"சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். சுமதி என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றேன்.

வெட்கம்தான். இத்தனை வயசுக்கு அப்புறம், படித்தவர்கள் நடுவில், பத்தியம் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? சிங்கத்துக்கே சுமதி பல்லைக் கடித்தாளே.

8

அடுத்த செவ்வாய்க்கிழமை சுமதி லீவு போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு போன் வந்தது. நானூற்றெழுபத்திரண்டு தன் இலக்கத்தைச் சொன்னது. க்ளேரின் குரல் கனத்திருந்தது.

"அம்மா, அவ சொல்லுறா, உங்களுக்கு வந்தது இந்த மாத்திரையாலதான் எண்டு டாக்டர்மார் நினைக்கினமாம். மாத்திரையை நிப்பாட்ட வேணுமாம். மாத்திரையின்ர பேரில இதைப் பதிஞ்சு, சோதனை நடத்துற எல்லாருக்கும் அறிவிக்கப் போறாவாம்."

"அறிவிக்கட்டும்" என்றாள் சுமதி. "எங்கம்மா இனிமே இதுக்கு வர மாட்டாங்க."

அந்தப் பெண் அதையும் இங்கிலீஷில் சொன்னது.

நான் கேட்டேன்: "மாத்திரை பேருல எழுதினா என்ன ஆகுமுங்க?"

வயசானவர்களுக்கு இதைக் கொடுக்கலாமா என்று யோசிப்பார்களாம். ஒருவேளை நிறுத்தியும் வைப்பார்களாம்.

என்னை மாதிரி எத்தனை பேர் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. இந்த மாத்திரை அவர்களுக்குக் கேட்குமோ கேட்காதோ, அதைத்தானே இவர்கள் இத்தனை பாடுபட்டு அளக்கிறார்கள். நான் சொல்லாமல் விட்டால், கஞ்சியில் போடாத உப்புக்கு மாத்திரை பழி சுமக்கும். சொன்னாலோ, சொன்னபடி நடக்காதவள், கேட்டபோது பொய் சொன்னவள் என்று தள்ளிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமையும் போய்விடும். எனக்கு வாரத்தில் இருந்ததே அந்த ஒரு நாள்தான்.

எனக்காகத் தேவலைன்னு சொல்லாத என்று சின்னப்பன் அண்ணன் சொன்னது காதில் விழுந்தது.

"உப்பு நான் போடலீங்க" என்றேன்.

"அம்மா?" என்றாள் சுமதி.

"அஞ்சு வாரமா உப்பு போடாமத்தாங்க சாப்பிட்டேன். அக்கி மருந்துன்னு பத்தியம் இருந்தேன். தண்ணியும் குடம் குடமாக் குடிச்சேன். ஆஸ்பத்திரியில கேட்டப்போ இல்லேன்னு பொய் சொல்லிட்டேனுங்க. மாத்திரை மேல எழுத வேண்டாமுன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னது. குடம் என்பதற்கு என்ன சொன்னதோ தெரியவில்லை, அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது.

க்ளேர் கோபிக்கவில்லை. என்றைக்கு ஆரம்பித்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர், கஞ்சி எதில் வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பத்தியத்துக்கு நடுவில் ஒரு நாளாவது உப்பைத் தொட்டீர்களா என்றார். ஒரு நாள் ஊறுகாய் ஜாடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினேன் என்றேன். அதையும் எழுதினார் போலிருக்கிறது.

அப்புறம் சொன்னார். மாத்திரை எனக்கு இனி கிடையாது, உடம்பு தாங்காது. ஆனால் விழுந்ததற்குப் பத்தியமும் தண்ணீரும் காரணமாக இருக்கலாம் என்று இதையும் சேர்த்து எழுதுவார். மாத்திரை நின்றாலும், கையெழுத்துப் போட்ட நாலு மாதம் முடிகிற வரைக்கும் ஒன்பது கேள்வியையும் கேட்டாக வேண்டும். நான் பத்தியத்தைச் சொல்லியிருக்காவிட்டாலும் கேட்டிருப்பார்களாம். எட்டுப் பக்கத்தில் ஏழாவது பக்கத்தில் இருக்கிறதாம். நான் எந்த நேரமும் விலகலாம் என்ற வரியையே நினைத்துக்கொண்டு அதைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

போனை வைத்ததும் சுமதி எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"எங்க இல்லத்துல எனக்கு இருபத்திரண்டு பேரு. யாரு காலையில எவ்ளோ சாப்ட்டாங்க, எவ்ளோ தண்ணி குடிச்சாங்கன்னு தினமும் எழுதி வெக்கறேம்மா."

"உன் வேலை அது."

"உன்னுது எனக்குத் தெரியல."

"நான் என்ன கைக்குழந்தையா?"

அவள் ரசம் வைத்துச் சோறு போட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உப்பு சரியா இருக்குதா?"

"சித்தே தூக்கலா இருக்குது."

"இருக்கட்டும். தின்னு."

9

மீதி வாரங்களும் மாத்திரை இல்லாமலே போயின. ஒன்பது கேள்விக்கும் உள்ளதைச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு, ஒரு நாளும் இல்லை என்று சொல்கிற வாரம் வந்தது. மனசு பாரம், சில நாள். அது இன்னும் இருக்கிறது.

எனக்குக் கொடுத்தது நிஜ மாத்திரையா வெறும் மாத்திரையா என்று இன்னும் தெரியாது. எல்லோருக்கும் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்களாம். நான் கொஞ்சம் தேறியது மாத்திரையாலா, பழைய மாத்திரையாலா, சுமதியின் ரசத்தாலா, செவ்வாய்க்கிழமை பத்து மணியாலா என்று க்ளேரைக் கேட்டேன். "உங்கள் ஒருவரை வைத்து அதைச் சொல்ல முடியாது, மாதம்மாள். அதனால்தான் நிறையப் பேரைக் கேட்கிறோம்" என்றார்.

கடைசி நாள் கேள்வி முடிந்ததும் க்ளேர் நன்றி சொன்னார். நானூற்றெழுபத்திரண்டு, "சந்திப்பு முடிஞ்சுது அம்மா" என்றது. உடனே போனை வைக்கவில்லை. "அம்மா, சுகமா இருங்கோ" என்றது. அது க்ளேர் சொன்னது இல்லை, அந்தப் பெண்ணே சொன்னது. பிறகு விதிப்படி, தான் சொன்னதையும் இங்கிலீஷில் க்ளேருக்குச் சொன்னது. அப்புறம்தான் சத்தம் நின்றது. முகமும் பெயரும் தெரியாது. வழியில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் நான் பாட்டுக்குப் போய்விடுவேன்.

10

கடைசியாக ஒரு உதவி வேண்டும். இதற்காகவும்தான் எழுதினேன்.

க்ளேருடைய காகிதத்தில் ஒரு இடம் இன்னும் காலியாக இருக்கிறது. "உப்பைத் தள்ளச் சொன்னது அந்தக் குயவரா?" என்று, நான் பத்தியத்தை ஒப்புக்கொண்ட அன்றைக்குக் கேட்டார். ஆமாங்க என்று வாய் வந்துவிட்டது. அப்புறம் சந்தேகமாகி, தெரியலீங்க என்றேன். சின்னப்பன் அண்ணன் கத்திரிக்காய் வேண்டாம், காவியைக் கழுவாதே என்று சொன்னது நினைவிருக்கிறது. உப்பைத் தள்ளச் சொன்னாரா, புளி அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் சொன்னார்களா, நானே சேர்த்துக்கொண்டதா, எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவர் சொல்லாததை அவர் சொன்னதாக ஒரு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதி வைத்தால் பாவம். மாத்திரை மேல் பழி வேண்டாம் என்று சொன்னவள், செத்துப்போன மனுஷர் மேல் போடலாமா?

அவருடைய மகளைப் பாப்பாரப்பட்டியில் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி. பெயர் பச்சையம்மாளா, பாப்பம்மாளா என்று மறந்துவிட்டது. அக்கி எழுதும்போது அப்பாவுக்குக் காவி அரைத்துக் கொடுத்தது அந்தப் பெண்தான், அதற்குத் தெரிந்திருக்கும். அந்த ஊர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். உப்பு உண்டா, இல்லையா? எத்தனை நாள்? அது மட்டும் போதும்.

என் நம்பர் தலைமையாசிரியை அம்மாவிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டால் நல்லது. எனக்குக் காலை பத்து மணி ஆகும்போது உங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.